கோடி ரூபாய் ரெய்டர் வந்தால் கோப்பை வருமா?



பொங்கல் வந்தால் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களில் ஒரு நோட்டீஸ் தவறாமல் ஒட்டுவார்கள். 'மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி!' என்று பெரிய எழுத்தில் இருக்கும். முதல் பரிசு, இரண்டாம் பரிசு, அதைக் கொடுக்கிறவர்களின் பெயர், சுழற்கோப்பை, நுழைவுக் கட்டணம் என்று ஒரு பெரிய பட்டியல் அதில் இருக்கும். உங்கள் ஊரிலும் பார்த்திருப்பீர்களே!

எங்கள் ஊர் திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் வழியில், ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. எனக்கு அப்போது 11 வயது. அணியில் இடம் கிடையாது. தண்ணீர்க் குடம் தூக்குவதும், துண்டு எடுத்துக் கொடுப்பதும்தான் என் வேலை. எங்கள் ஊர் அண்ணன்கள் வருஷா வருஷம் முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்புவார்கள். ஒரு வருஷம் ரோஷம் வந்துவிட்டது. 'இந்தத் தடவை ஆள் இறக்கிடுவோம்!' என்று முடிவு செய்தார்கள்.

'ஆள் இறக்குவது' என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். வெளியூரிலிருந்து ஒரு பெரிய ஆட்டக்காரரைக் கூட்டி வந்து, நம் ஊர் பனியனைப் போட்டு விளையாட விடுவது. வீட்டுக்கு 10 ரூபாய் வசூல் ஆனது. காசு இல்லாத வீட்டில் ஒரு படி மல்லாட்டை கொடுத்தார்கள். அதை விற்றுப் பணத்தோடு சேர்த்தாயிற்று. பஸ்ஸில் வந்து இறங்கினார் அந்த அண்ணன். நல்ல உயரம். நாங்கள் வாண்டுகள் எல்லாம் 'புலி அண்ணன்' என்று பெயர் வைத்து, அவர் பின்னாலேயே சுற்றினோம்.

ஆட்டம் தொடங்கியது. முதல் முறை பாடிப் போனார். இரண்டு பேரைத் தொட்டுவிட்டு வந்தார். விசில் பறந்தது! அடுத்த முறை ஒருவர். மூன்றாவது முறை போனபோது, ஒரு ஒல்லிப் பையன் அவர் கணுக்காலைப் பிடித்தான். மற்றவர்கள் மேலே விழுந்து அமுக்கிவிட்டார்கள். புலி அண்ணன் அவுட்.

வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். நேரம் போனது. ஒரு கோலி சோடா குடித்தார். இன்னும் நேரம் போனது. இன்னொரு கோலி சோடா குடித்தார். உள்ளே எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக அவுட் ஆகிக்கொண்டே இருந்தார்கள். யாரும் ஒரு ஆளைக்கூடப் பிடிக்கவில்லை. அவர் என்னைப் பார்த்து, "தம்பி, உங்க ஊர்ல புடிக்கிற ஆளே கெடையாதாடா?" என்று கேட்டார்.

ஒருத்தர் இருந்தார். மூலையில் நின்றால் காலைக் கவ்விப் பிடிப்பதில் கெட்டிக்காரர். புலி அண்ணனுக்கு இடம் வேண்டுமே என்று அவரைத்தான் அன்று வெளியே உட்கார வைத்திருந்தார்கள். புலி அண்ணனுக்கு அந்தப் பக்கம் அவர். இந்தப் பக்கம் நான். அந்த வருஷமும் முதல் சுற்றோடு திரும்பினோம்.

இந்தக் கதை இப்போது எதற்கு என்கிறீர்களா? நம் 'தமிழ் தலைவாஸ்' அணிக்காகத்தான்!

டிவியில் புரோ கபடி பார்க்கிற குட்டீஸுக்கு அந்த மஞ்சள் பனியனைத் தெரியாமல் இருக்காது. புரோ கபடி 2014-ம் ஆண்டு 8 அணிகளோடு தொடங்கியது. 2017-ல் 12 அணிகள் ஆனது. அப்போது வந்ததுதான் தமிழ் தலைவாஸ். கபடி நம் மாநில விளையாட்டு; சடுகுடு என்று நம் தாத்தாக்கள் ஆடியது. அப்படியென்றால் நம் அணி எத்தனை கோப்பை வாங்கியிருக்கும்? 2017 முதல் 2025 வரை 8 சீசன் ஆடியிருக்கிறது. கோப்பை பூஜ்யம். இறுதிப் போட்டிக்குக்கூட ஒரு தடவையும் போனதில்லை. லீக் சுற்றைத் தாண்டிப் போனது ஒரே ஒரு முறைதான். 2019-ல் 12 அணிகளில் 12-வது இடம். அடுத்த சீசனில் 11-வது இடம்.

ஒவ்வொரு ஏலம் வரும்போதும் ரசிகர்கள் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: 'இருப்பதிலேயே பெரிய ரெய்டரை வாங்கிப் போட்டால் என்ன?'

நல்ல கேள்வி. ஆனால் பதில் சொல்வதற்கு முன் கபடியில் ஒரு விதியை உற்றுப் பார்க்க வேண்டும். கிரிக்கெட்டில் அவுட் ஆன பேட்ஸ்மேன் அந்த இன்னிங்ஸில் திரும்ப வர முடியாது. கால்பந்தில் சிவப்பு அட்டை வாங்கினால் ஒழிய வெளியே போக வேண்டியதில்லை. கபடி இரண்டும் இல்லாத மாதிரி. அவுட் ஆனவர் வெளியே போய் உட்காருவார். தன் அணி ஒரு எதிரியை அவுட் ஆக்கினால், ஒருவர் உள்ளே திரும்பலாம். அதுவும் யார் முதலில் வெளியே போனாரோ அவர்தான் முதலில் உள்ளே வருவார். போனஸ் கோட்டைத் தொட்டு எடுக்கிற புள்ளிக்கு யாரும் உள்ளே வர முடியாது. ஆளைத் தொட வேண்டும், இல்லை ஆளைப் பிடிக்க வேண்டும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். உலகத்திலேயே பெரிய ரெய்டர் உங்கள் அணியில் இருக்கிறார். அவரைப் பிடித்துவிட்டார்கள். அடுத்து எதிரணி ஆள் பாடி வருகிறார். உங்கள் பக்கம் மூலையில் நிற்கிறவர் அவரைப் பிடித்துவிட்டால், உங்கள் ஸ்டார் அரை நிமிஷத்துக்குள் உள்ளே வந்துவிடுவார். பிடிக்கவில்லை என்றால்? ஒரு ரெய்டு, இரண்டு ரெய்டு, மூன்று ரெய்டு... ஸ்டார் சோடா குடித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்!

ஆட்டம் 40 நிமிஷம். ஒரு ரெய்டுக்கு 30 விநாடி. கணக்குப் போடுங்கள்: 80 ரெய்டு. இரண்டு அணியும் மாறி மாறிப் போவதால் ஒரு அணிக்குச் சுமார் 40. அந்த 40-ல் ஸ்டார் எத்தனை போவார் என்பது அவர் கையில் இல்லை. அவரைத் திரும்ப உள்ளே கொண்டு வருகிறவர்கள் கையில் இருக்கிறது. டிவியில் அவர்கள் முகம் அடிக்கடி வராது. பனியன் எண்ணும் நமக்கு மனப்பாடம் ஆகாது. ஆனால் கோடி ரூபாய் ரெய்டர் களத்தில் எத்தனை நிமிஷம் இருப்பார் என்பதை முடிவு செய்வது அவர்கள்தான்.

இனி 2022-ம் ஆண்டுக்குப் போவோம். தலைவாஸ் வரலாற்றில் ரொம்ப விசித்திரமான வருஷம் அது.

அந்த ஏலத்தில் பவன் செராவத்தைத் தலைவாஸ் வாங்கியது. விலை 2 கோடியே 26 லட்சம் ரூபாய்! அதுவரை புரோ கபடியில் யாருக்கும் அவ்வளவு விலை கொடுத்ததில்லை. பவன் அதற்குத் தகுதியானவர்தான். பெங்களூரு புல்ஸ் முதன்முதலாகக் கோப்பை வாங்கிய சீசனின் இறுதிப் போட்டியில், 2019 ஜனவரியில், தனி ஆளாக 22 புள்ளி எடுத்தவர் அவர். 'ஹை-ஃபிளையர்' என்று பட்டப் பெயர். பிடிக்க வருகிறவர்களின் தலைக்கு மேல் தாண்டிப் போவார். தலைவாஸ் ரசிகர்கள் பட்டாசு வெடிக்காத குறைதான்.

2022 அக்டோபர் 8. குஜராத் ஜெயன்ட்ஸ் அணியோடு முதல் ஆட்டம். பத்து நிமிஷம், இருபது நிமிஷம் என்று கொண்டாடக்கூட நேரம் இல்லை. முதல் பாதியிலேயே பவனுக்கு முழங்காலில் காயம். ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். அந்தச் சீசனில் அவர் திரும்ப ஆடவே இல்லை. ஆட்டம் 31-31 என்று டிராவில் முடிந்தது. 2 கோடியே 26 லட்சம் முதல் நாளிலேயே பெஞ்சுக்குப் போய்விட்டது.

அடுத்து தோல்விகள். பயிற்சியாளரும் மாறினார், அஷன் குமார் வந்தார். 'இந்த வருஷமும் அவ்வளவுதான்' என்று எல்லாரும் டிவியை அணைத்துவிட்டார்கள். அணைக்காதவர்கள்தான் புத்திசாலிகள்! ஏனென்றால் அதன் பிறகுதான் வேடிக்கை.

நரேந்தர் கண்டோலா என்று ஒரு பையன். அதற்கு முன் புரோ கபடியில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. பெரிய ஏலத்தில் கைதூக்கி வாங்கப்பட்டவர் இல்லை. புதிய இளம் வீரர்கள் என்ற பிரிவில் அணிக்கு வந்தவர். பவன் போக வேண்டிய ரெய்டுகளை அவர் போனார். சீசன் முடியும்போது 243 ரெய்டு புள்ளிகள் எடுத்திருந்தார்! அஜிங்க்யா பவார் கைகொடுத்தார். பின்னால் சாகர் ராட்டீ, சாஹில் குலியா என்று இரண்டு மூலைக்காரர்கள். நடுவில் நம் தமிழ்நாட்டு எம்.அபிஷேக். நரேந்தர் அவுட் ஆனால் இவர்கள் யாரையாவது பிடித்து அவரை உள்ளே கொண்டுவந்துவிடுவார்கள்.

லீக் சுற்றில் 5-வது இடம். எலிமினேட்டரில் யு.பி. யோதாஸுடன் 36-36 என்று டிரா ஆகி, டைபிரேக்கரில் 6-4 என்று ஜெயித்தார்கள். டிசம்பர் 15-ம் தேதி அரையிறுதி. எதிரே புனேரி பல்தான். 37-39. இரண்டே இரண்டு புள்ளியில் தோல்வி! தலைவாஸ் இதுவரை போன அதிகபட்ச தூரம் அதுதான். அதுவும் காசு கொடுத்து வாங்கிய ஸ்டார் இல்லாமல்.

'அப்படியென்றால் ஸ்டாரே வேண்டாம், காயம் பட்டதே நல்லது' என்று அவசரப்பட்டு முடிவுக்கு வந்துவிடாதீர்கள். பவனும் ஆடி, நரேந்தரும் ஆடியிருந்தால் கோப்பையே வந்திருக்கலாம். நடக்காததைப் பற்றி அடித்துச் சொல்ல யாராலும் முடியாது. ஒரே ஒரு வருஷத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்வதும் சரியில்லை. ஆகவே மற்ற வருஷங்களையும் எடுத்துப் பார்ப்போம்.

2017-ல் இருந்து 2025 வரை, ஒவ்வொரு ஏலத்திலும் 'இருப்பதிலேயே அதிக விலை' போனவர் யார், அந்த வருஷம் அவர் அணி என்ன ஆனது? 2017-ல் நிதின் தோமர், 93 லட்சம், யு.பி. அணி, எலிமினேட்டரோடு வீட்டுக்கு. 2018-ல் மோனு கோயத், 1 கோடியே 51 லட்சம், ஹரியாணா. தன் பிரிவில் கடைசி. 2019-ல் சித்தார்த் தேசாய், 1 கோடியே 45 லட்சம், தெலுகு டைட்டன்ஸ், 11-வது இடம். (அதே வருஷம் தலைவாஸ் 94 லட்சத்துக்கு ராகுல் சௌத்ரியை வாங்கி, டைட்டன்ஸுக்கும் கீழே 12-வது இடத்தில் உட்கார்ந்தது!) 2021-ல் பர்தீப் நர்வால், 1 கோடியே 65 லட்சம், யு.பி.; அரையிறுதி வரை. பாட்னாவுக்கு மூன்று கோப்பை வாங்கிக் கொடுத்தவர் அவர், யு.பி.யில் ஒன்றும் வரவில்லை. 2022-ல் பவன், நம் கதை. 2023-ல் மறுபடியும் பவன். இப்போது தெலுகு டைட்டன்ஸ், 2 கோடியே 60.5 லட்சம். அந்த வருஷம் 22 ஆட்டத்தில் டைட்டன்ஸ் ஜெயித்தது வெறும் 2. கடைசி இடம்! பவன் சும்மா இருக்கவில்லை. சுமார் 200 ரெய்டு புள்ளி எடுத்தார். அதே ஆண்டில்தான் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்குத் தலைமை தாங்கித் தங்கமும் வாங்கினார். 2024-ல் சச்சின் தன்வர், 2 கோடியே 15 லட்சம், தமிழ் தலைவாஸ், 9-வது இடம். 2025-ல் ஈரான் நாட்டு முகமதுரெசா ஷாட்லூய், 2 கோடியே 23 லட்சம், குஜராத். முதல் 8 இடத்துக்குள் வரவில்லை.

எட்டு ஏலம். ஒரு தடவைகூட, அதிக விலை போனவரின் அணி அந்த வருஷம் கோப்பையைத் தூக்கவில்லை!

பார்த்தீர்களா, ஸ்டார் வாங்கினால் அணி தோற்கும் என்று நிரூபணம் ஆகிவிட்டது... என்று நான் எழுதினால் என் காதைத் திருகுங்கள். ஏன் தெரியுமா? அரசு மருத்துவமனைக்குப் போய்ப் பாருங்கள். அங்கே இருக்கிறவர்களில் பாதிப் பேருக்குக் காய்ச்சல். அதற்காக மருத்துவமனைதான் காய்ச்சலைக் கொடுக்கிறது என்று சொல்வீர்களா? காய்ச்சல் வந்ததால்தானே அங்கே போனார்கள்! அதேபோல நன்றாக ஆடும் அணி தன் பழைய வீரர்களையே தக்க வைத்துக்கொள்ளும். ஏலத்தில் பெரிய தொகையோடு கை தூக்குவது பெரும்பாலும் தோற்ற அணிதான். ஏற்கெனவே உடம்பு சரியில்லாத அணி, ஸ்டார் வந்த பிறகும் தோற்றால், தப்பு முழுக்க ஸ்டார் மேல் இல்லை. பட்டியலைப் பார்க்கும்போது இதை மறந்துவிடக் கூடாது.

ஆனால் அந்தப் பட்டியலில் இன்னொரு சங்கதி ஒளிந்திருக்கிறது. ஷாட்லூயின் பெயரைக் கவனியுங்கள். அவர் ரெய்டர் இல்லை. மூலையில் நின்று பிடிக்கிறவர். தேவைப்பட்டால் பாடியும் போவார். 2023 ஏலத்தில் பவனுக்கு அடுத்த விலை அவருக்குத்தான்: 2 கோடியே 35 லட்சம். வாங்கியது புனேரி பல்தான். புனே அந்த சீசனில் சாம்பியன்! 2024-ல் சச்சின் தன்வருக்கு அடுத்த விலை மறுபடியும் அவருக்கு: 2 கோடியே 7 லட்சம். வாங்கியது ஹரியாணா. ஹரியாணா முதன்முதலாகச் சாம்பியன்! 2025-ல் அதே ஷாட்லூய், முதல் விலைக்கு, குஜராத்துக்குப் போனார். குஜராத் கீழே கிடந்தது.

ஆள் ஒருவர்தான். கை அதே கை, பிடி அதே பிடி. பின்னே என்ன வித்தியாசம்?

புனே அவரை வாங்குவதற்கு முந்தைய சீசனில் என்ன செய்தது? இறுதிப் போட்டி வரை வந்து ஜெய்ப்பூரிடம் தோற்றது. ஹரியாணா? அதுவும் இறுதிப் போட்டி வரை வந்து, அதே புனேவிடம் 25-28 என்று தோற்றது. இரண்டும் ஏறக்குறைய முழுசாகக் கட்டி முடித்த வீடுகள். கதவு மட்டும்தான் பாக்கி. ஷாட்லூய் கதவாகப் போய் நின்றார். குஜராத்தோ முந்தைய சீசனில் 11-வது இடம். சுவரே இல்லாத இடத்தில் தேக்குக் கதவை வைத்தால் திருடன் பக்கவாட்டில் நடந்து போய்விடுவான்!

பணக் கணக்கையும் ஒரு நிமிஷம் பார்ப்போம். புரோ கபடியில் ஒரு அணி இஷ்டத்துக்குச் செலவு செய்ய முடியாது. எல்லா அணிக்கும் ஒரே உச்சவரம்பு. 2023-ல் அது 5 கோடி ரூபாய். டைட்டன்ஸ் அதில் 2 கோடியே 60.5 லட்சத்தை பவனுக்கே கொடுத்துவிட்டது. மீதி 2 கோடியே 39.5 லட்சம். ஒரு அணியில் குறைந்தது 18 பேர் வேண்டும். மீதி 17 பேருக்குப் பிரித்தால் ஆளுக்குச் சுமார் 14 லட்சம். நல்ல மூலைக்காரர்கள் இரண்டு பேரை அந்த விலைக்குத் தேடிப் பிடிப்பது சாதாரண வேலை இல்லை. பிரியாணிக்கு அரிசி வாங்க வைத்திருந்த காசில் பாதிக்கு ஏலக்காய் வாங்கின மாதிரிதான்.

இந்தத் தலைவலி நமக்கு மட்டும் இல்லை, குட்டீஸ். அமெரிக்காவில் 'புட்பால்' என்று ஒரு விளையாட்டு உண்டு. பெயர்தான் புட்பால், பந்தைக் கையால் எறிந்து, கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். அதில் குவார்ட்டர்பேக் என்பவர் நம் ரெய்டர் மாதிரி. எல்லா ஆட்டமும் அவர் கையிலிருந்துதான் தொடங்கும். அங்கே கல்லூரியிலிருந்து வருகிற புது வீரர்களுக்கு ஏலம் கிடையாது. 'டிராஃப்ட்' என்று வரிசையில் கூப்பிட்டு எடுத்துக்கொள்வார்கள். முந்தைய வருஷம் கடைசி இடம் வந்த அணிக்குத்தான் முதல் கூப்பாடு! பலவீனமானவர்கள் எழுந்து நிற்கட்டும் என்று அப்படி ஒரு ஏற்பாடு.

1998-ல் இரண்டு பெரிய குவார்ட்டர்பேக்குகள் வந்தார்கள். பெய்டன் மேனிங்கை முதல் ஆளாக இண்டியானாபொலிஸ் எடுத்தது. ரயன் லீஃபை இரண்டாவதாக சான் டியாகோ எடுத்தது. யார் பெரிய ஆள் என்று நாடே சண்டை போட்டது. மேனிங் வந்த முதல் வருஷம் அவர் அணி 16 ஆட்டத்தில் ஜெயித்தது 3. அதற்கு முந்தைய வருஷமும் 3-தான்! எதிரிகள் கைக்கு 28 முறை பந்தைக் கொடுத்தார். யாரும் அவரைத் துரத்தவில்லை. அடுத்த வருஷம் 16-ல் 13 வெற்றி. லீஃபோ சில வருஷங்களிலேயே ஆட்டத்தை விட்டுப் போய்விட்டார். இன்னொரு வேடிக்கை: 2000-ம் ஆண்டில் 198 பேரை எடுத்த பிறகு, 199-வதாக ஒரு குவார்ட்டர்பேக்கை எடுத்தார்கள். டாம் பிராடி! அந்த விளையாட்டில் அதிகக் கோப்பை வாங்கிய வீரர் அவர்தான்.

மேனிங்கின் கதையில் நம் ஆட்களுக்கு ஒரு சேதி இருக்கிறது: பொறுமை. தலைவாஸ் இதில்தான் எனக்குக் கோபம் வருகிறது. 2022-ல் பவனை வாங்கினார்கள், 2023-ல் விட்டார்கள். 2024-ல் சச்சின் தன்வரை வாங்கினார்கள், 2025-ல் விட்டார்கள். 2025-ல் அர்ஜுன் தேஷ்வாலை 1 கோடியே 40.5 லட்சத்துக்கு வாங்கி, பவனையும் 59.5 லட்சத்துக்குத் திரும்பக் கூப்பிட்டு, கேப்டனும் ஆக்கினார்கள். சீசன் பாதியில் பவன் அணியை விட்டுப் போனார். ஒழுங்கு நடவடிக்கை என்றது அணி. அப்படி இல்லை என்றார் பவன். யார் சொல்வது சரி என்ற பஞ்சாயத்து நமக்கு வேண்டாம். ஆனால் வருஷத்துக்கு ஒரு பெரிய ரெய்டர், கூடவே பயிற்சியாளர் மாற்றம் என்று போனால், மூலையில் நிற்கிறவர்கள் ஒருவர் கண்ணசைவை இன்னொருவர் புரிந்துகொள்ள எப்போது நேரம் கிடைக்கும்? சங்கிலி போட்டுப் பிடிக்கிற இருவர் பல மாதம் சேர்ந்து ஆடினால்தான், ஒருவர் காலுக்குப் பாயும்போது மற்றவர் இடுப்புக்குப் பாய்வார். அந்தப் பழக்கத்தை எந்த ஏலத்திலும் வாங்க முடியாது.

மாற்று வழி உண்டா? பெங்களூரு புல்ஸைப் பாருங்கள். 2024-ல் பர்தீப் நர்வாலை 70 லட்சத்துக்கு வாங்கியது. பழைய பெயர், பெரிய பெயர். 22 ஆட்டத்தில் 2 வெற்றி, கடைசி இடம். 2025-ல் பி.சி.ரமேஷ் பயிற்சியாளராக வந்தார். 2023 ஏலத்துக்குப் பிறகு புனேவுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். அணியை ஏறக்குறைய புதிதாகவே கட்டினார்கள்.  கேப்டன் யோகேஷ் மூலையில் நின்று பிடிக்கிறவர். லீக் சுற்றில் 3-வது இடம்!

நம் மாநிலத்திலும் ஆட்களுக்குப் பஞ்சமா? 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டு நடந்தது. சிறுவர், சிறுமியர் இரண்டு கபடிப் பிரிவிலும் இந்தியாவுக்குத் தங்கம். சிறுமியர் அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா. சிறுவர் அணியில் திருவாரூர் மாவட்டம் வடுவூர் அபினேஷ். அவர்களைக் கோடி கொடுத்து யாரும் வாங்கவில்லை. ஊர் மைதானத்தில் வளர்ந்தவர்கள். 'நம்ம ஊர் ஆள்' என்ற பாசத்துக்காக இதைச் சொல்லவில்லை. சின்ன வயதிலேயே எடுத்து, நாலைந்து வருஷம் சேர்த்து ஆட விட்டால், அந்தக் கண்ணசைவுப் பழக்கம் தானாக வரும். செலவும் குறைவு. நரேந்தர் வந்த வழியும் ஏறக்குறைய இதுதானே?

சரி, முடிவாக என்னதான் சொல்கிறாய் என்கிறீர்களா? தலைவாஸ் நிர்வாகம் என்னிடம் வந்து கேட்டால் (கேட்க மாட்டார்கள், தெரியும்!), 'முதலில் இரண்டு மூலைக்காரர்களை வாங்குங்கள். மூன்று வருஷத்துக்கு அவர்களையும் பயிற்சியாளரையும் மாற்றாதீர்கள். அரையிறுதிக்கு ஒரு தடவை போங்கள். அப்புறம் இருக்கிற காசையெல்லாம் கொட்டிப் பெரிய ரெய்டரை வாங்குங்கள்' என்பேன். 2022-ல் அரையிறுதியில் இரண்டு புள்ளியில் தோற்றார்களே, அதற்கு அடுத்த ஏலம்தான் பெரிய ஆளை வாங்க வேண்டிய நேரம். வாங்க வேண்டிய நேரத்தில் கையில் இருந்த பவனை விட்டார்கள். அதற்கு அடுத்த வருஷம், 9-வது இடத்துக்கு இறங்கிய பிறகு, சச்சினை வாங்க ஓடினார்கள்!

நீங்கள் இதை ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதில்லை. 'ரெய்டர் இல்லாமல் அரையிறுதிக்கே எப்படிப் போவது?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பிடிக்க மட்டுமே தெரிந்த அணியும் ஜெயிக்காது. தொடர்ந்து இரண்டு ரெய்டு வெறுங்கையோடு திரும்பினால் மூன்றாவது ரெய்டில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் போனவர் அவுட். அதற்கு ஒரு நல்ல ரெய்டர் வேண்டும். ஆனால் 'நல்ல' ரெய்டருக்கும் 'இருப்பதிலேயே விலை அதிகமான' ரெய்டருக்கும் நடுவில் ஒரு கோடிக்கு மேல் வித்தியாசம் இருக்கிறதே!

அடுத்த புரோ கபடி ஏலம் எப்போது வந்தாலும் ஒரு வேலை செய்யுங்கள். பழைய நோட்டில் ஒரு பக்கத்தைக் கிழித்து நடுவில் கோடு போடுங்கள். இடது பக்கம் தலைவாஸ் வாங்கிய ரெய்டர்களின் பெயர், விலை. வலது பக்கம் பிடிக்கிறவர்களின் பெயர், விலை. கீழே, போன வருஷமும் இதே அணியில் இருந்தவர்கள் எத்தனை பேர் என்று எழுதி, அணி எத்தனையாவது இடம் வரும் என்று உங்கள் கணிப்பைப் போட்டு, மடித்துக் கணக்குப் புத்தகத்துக்குள் வையுங்கள். இறுதிப் போட்டி அன்று எடுத்துப் பாருங்கள்.

புலி அண்ணன் பஸ் ஏறும்போது, பேசின பணத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வாங்கிக்கொண்டது அந்த மூலைக்கார அண்ணன்தான். அடுத்த வருஷம் அந்தக் காசில் ஊர்ப் பையன்களுக்குப் பனியன் வாங்கினார்கள். அதில் ஒன்று எனக்கு.